எலும்பு ஒத்துக்கொள்ள வேண்டும்

இடப்பக்கக் கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் நான் இம்ப்ளான்ட் (வேருக்குப் பதிலாகத் தாடையெலும்பில் இறுக்கும், செயற்கைப் பல்லைத் தாங்கும் உலோகத் திருகு) வைத்துக்கொண்டதும், ஏறத்தாழ அதே காலத்தில் அம்மாவின் கீழ்ப் பல்செட்டுக்குத் தாங்கலாக இரண்டு இம்ப்ளான்ட்கள் வைத்ததும் உறவினர்களிடையே எப்படியோ பரவிவிட்டன. இப்போது பல்லில் தொல்லை வந்தவர்கள் மருத்துவரிடம் போவதற்கு முன் என்னைத் தொலைபேசியில் அழைக்கிறார்கள். எவ்வளவு ஆகும், எந்தக் கம்பெனி நல்லது என்ற இரண்டையும்தான் பெரும்பாலும் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தாம். ஆனால் இந்தச் சிகிச்சை பலிப்பதும் பொய்ப்பதும் திருகின் விலையைப் பொறுத்து அமைவதில்லை. திருகு வைப்பதற்கு முன் தாடையில் எவ்வளவு எலும்பு மிஞ்சியிருக்கிறது, வைத்த பின் அந்த எலும்பை எவ்வளவு காலம் தொந்தரவு செய்யாமல் விடுகிறோம், பல் கட்டிய பின் அதைச் சுற்றியுள்ள ஈறுகளை எப்படிக் காப்பாற்றுகிறோம் ஆகியவற்றைப் பொறுத்தே பெரும்பாலும் முடிவு அமைகிறது. நான் பல் மருத்துவம் படித்தவன் அல்லன். நாகர்கோவிலில் வசிக்கிற, மருத்துவரைக் கேள்வி கேட்டுத் துளைத்தெடுக்கும் பழக்கமுள்ள ஒரு நோயாளி, அவ்வளவுதான். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒரே இடத்தில் எழுதிவைக்கிறேன்.

முதல் கடைவாய்ப் பல் ஆறு வயதையொட்டி முளைப்பது. பால் பற்கள் எதுவும் விழுவதற்குக் காத்திராமல் அவற்றுக்குப் பின்னால் ஓசையின்றி முளைத்துவிடுவதால், பல வீடுகளில் அதையும் பால் பல் என்றே எண்ணிச் சொத்தை விழுந்தாலும் விட்டுவிடுகிறார்கள். பெரியவர்கள் இழக்கும் பற்களில் அது முன்வரிசையில் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். என்னுடைய பல்லுக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே வேர் சிகிச்சை செய்து கேப்பும் போட்டிருந்தது. பிறகு அந்த இடத்து ஈற்றில் ஒரு சிறு கொப்புளம் வருவதும் உடைவதும் மறுபடி வருவதுமாக இருந்தது. மருத்துவர் மெல்லிய அளவுகோல் ஒன்றை ஈறு விளிம்பில் சுற்றிலும் விட்டுப் பார்த்தார். மற்ற எல்லா இடங்களிலும் மேலேயே நின்ற அது ஓரிடத்தில் மட்டும் ஆழமாக இறங்கியது. வேர் நெடுக்குவாட்டில் பிளந்திருக்கிறது என்பதற்கு அது ஓர் அடையாளம். கடைவாய்ப் பல்லின் வேர் அப்படிப் பிளந்துவிட்டால் அதை ஒட்டவைக்கும் வழி இன்றுவரை இல்லை.

பல்லை எடுத்த விதத்தையும் சொல்ல வேண்டும். குறடால் பிடித்து ஆட்டி இழுத்துவிடாமல், முதலில் இரண்டு வேர்களையும் தனித்தனியாக அறுத்துப் பிரித்து, ஒவ்வொன்றாக நெம்பி எடுத்தார்கள். பல்லைச் சுற்றி, குறிப்பாகக் கன்னத்துப் பக்கம், எலும்புச் சுவர் மிகவும் மெல்லியது. இழுக்கிற வேகத்தில் அது உடைந்துவிட்டால் பிறகு திருகு வைக்க இடம் குறுகிவிடும். பல்லை எடுத்த பின் அந்தக் குழியைச் சுற்றியுள்ள எலும்பு தானாகவே கரைகிறது, அதுவும் பெரும்பகுதி முதல் ஓராண்டுக்குள்ளேயே கரைகிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். கடைவாய்ப் பகுதியில் எலும்பின் அகலம் அந்த ஓராண்டில் ஏறத்தாழப் பாதியாகிவிடுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. மெல்லும் விசை வேர் வழியாக எலும்புக்குப் போய்க்கொண்டிருந்தவரை அந்த எலும்புக்கு வேலை இருந்தது. வேர் போன பின் வேலையற்ற எலும்பை உடல் வைத்துக்கொள்வதில்லை. இதற்கிடையே பக்கத்துப் பல் மெல்லச் சாய்கிறது, எதிர்த்தாடையின் பல் கடிப்பதற்கு ஆளில்லாமல் கீழே இறங்குகிறது. வெளியில் தெரியாத பல்தானே, போனால் போகட்டும் என்று பத்தாண்டுகள் கழித்து வருபவர்களுக்குச் செலவும் சிக்கலும் கூடுவது இதனால்தான்.

என் விஷயத்தில் பழைய சீழ் கன்னப்பக்கச் சுவரில் ஒரு பகுதியை ஏற்கெனவே அரித்திருந்தது. எனவே குழியில் எலும்புத்தூள் நிரப்பி, மேலே ஒரு மெல்லிய சவ்வை வைத்துத் தைத்தார்கள். எலும்புத்தூள் என்றால் என்ன எலும்பு என்று நம்மில் பலர் கேட்பதில்லை. பரவலாகப் பயன்படும் வகைகளில் ஒன்று மாட்டெலும்பிலிருந்து உயிர்ப்பொருள்களை முற்றாக நீக்கி எடுக்கப்படும் கனிமப் பகுதி. சவ்வுகளில் சில பன்றியிலிருந்து பெறப்படுபவை. சைவ உணவுக்காரர்களும் இசுலாமியரும் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளலாம். கால்சியம் பாஸ்பேட்டால் ஆன செயற்கைத் தூள்களும் உண்டு. கேட்டால் எந்த மருத்துவரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை. கோபித்துக்கொண்டால் வேறு மருத்துவரைப் பார்ப்பது நல்லது.

அடுத்து என்ன செய்வது என்பதற்கு மூன்று வழிகள் இருந்தன. கழற்றி மாட்டும் ஒற்றைப் பல் மிக மலிவானது, ஆனால் கடைவாயில் அதை வைத்துக்கொண்டு மெல்வது எரிச்சலான காரியம். இரண்டாவது வழி பிரிட்ஜ். இடைவெளிக்கு இருபுறமும் உள்ள பற்களைச் சுற்றிலும் ராவி, மூன்று பற்களுக்கும் சேர்த்து ஒரே கேப்பாகப் போடுவது. காலங்காலமாக நன்றாகப் பயன்பட்டுவரும் முறை அது; இரண்டு மூன்று வாரங்களில் வேலை முடிந்துவிடும், அறுவையும் இல்லை. பக்கத்துப் பற்கள் ஏற்கெனவே பெரிய அடைப்புகளோடோ கேப்போடோ இருந்தால் பிரிட்ஜே பொருத்தமானது என்று இப்போதும் சொல்வேன். என் பக்கத்துப் பற்கள் இரண்டும் சொத்தை தொடாதவை. ஒரு பல் போனதற்காக நல்ல பற்கள் இரண்டின் எனாமலை ராவித் தள்ள மனம் வரவில்லை. அப்படி ராவிய பற்களில் பிற்காலத்தில் கேப்பின் விளிம்பில் சொத்தை விழுந்தால் மூன்றும் சேர்ந்தே சிக்கலுக்குள்ளாகும். ஆகவே இம்ப்ளான்ட் என்று முடிவு செய்தேன்.

எலும்புக்குள் உலோகத்தைத் திருகினால் எலும்பு அதை எப்படி ஏற்கிறது என்ற கேள்வி என்னை அப்போது விடவே இல்லை. இதற்கான விடை பல் மருத்துவத்தைத் தேடிப் போனவருக்குக் கிடைத்ததன்று. 1952இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் பெர்-இங்வார் பிரோனெமார்க் என்ற ஆய்வாளர், எலும்பு மஜ்ஜையில் இரத்தம் ஓடுவதை நேரில் பார்ப்பதற்காக, நுண்ணோக்கியோடு இணைந்த டைட்டானியக் குழல்களை முயல்களின் கால் எலும்பில் பொருத்தினார். ஆய்வு முடிந்து, விலை உயர்ந்த அந்தக் குழல்களை மறுபடி பயன்படுத்தலாம் என்று கழற்றப் போனபோது அவை வரவில்லை. எலும்பு உலோகத்தின் பரப்போடு நேரடியாக இணைந்திருந்தது. அதுவரை உடலுக்குள் வைக்கப்பட்ட உலோகங்களைச் சுற்றி நார்த்திசு ஓர் உறையாகப் படர்ந்து, காலப்போக்கில் உலோகம் ஆடத் தொடங்கிவிடும் என்பதே பொதுவான அனுபவமாக இருந்தது. டைட்டானியத்தின் சிறப்பு அதன் மேற்பரப்பில் இருக்கிறது. காற்றுப் பட்டவுடன் அதன்மேல் சில நானோமீட்டர் தடிப்பில் ஓர் ஆக்சைடு படலம் உருவாகிவிடுகிறது. எலும்புச் செல்கள் உலோகத்தைச் சந்திப்பதில்லை, இந்தப் படலத்தைத்தான் சந்திக்கின்றன. அதை அவை எதிர்ப்பதில்லை.

பிரோனெமார்க் பின்னர் கோத்தன்பர்க் நகருக்குப் போய், 1965இல் முதல் மனித நோயாளியான யோஸ்டா லார்சனின் கீழ்த்தாடையில் நான்கு டைட்டானியத் திருகுகளை வைத்தார். பிறவியிலேயே தாடைக் குறைபாடு கொண்டிருந்த லார்சன் 2006இல் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக, அந்தத் திருகுகள் அவருடைய வாயில் வேலை செய்தன. ஆனால் மருத்துவ உலகம் உடனே கைதட்டிவிடவில்லை. வாய்க்குள் உலோகம் நிலைக்காது என்பதைப் பலமுறை கண்டிருந்த பல் மருத்துவப் பேராசிரியர்கள் சுவீடனிலேயே அவரைக் கடுமையாக எதிர்த்தார்கள். 1982இல் கனடாவின் டொரான்டோவில் ஜார்ஜ் ஸார்ப் கூட்டிய மாநாட்டில் நீண்ட காலத் தரவுகள் முன்வைக்கப்பட்ட பிறகே வட அமெரிக்கா இதை ஏற்கத் தொடங்கியது. முதல் நோயாளிக்கும் அந்த மாநாட்டுக்கும் இடையே பதினேழு ஆண்டுகள் ஓடியிருந்தன. எதிர்த்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அதற்கு முன் வந்த பல முறைகள் நோயாளிகளின் தாடையைப் பாழாக்கியிருந்தன; அந்த நிலையில் சந்தேகப்படுவதே பொறுப்பான செயல்.

நாகர்கோவில்காரனாக இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. எங்கள் ஊருக்கு மேற்கே, கடற்கரையோரம் இருக்கும் மணவாளக்குறிச்சியின் கருமணலில் இல்மனைட்டும் ரூட்டைலும் சிர்கானும் கலந்திருக்கின்றன. முதல் இரண்டும் டைட்டானியத்தின் தாதுக்கள். மூன்றாவது, இப்போது பலரும் கேட்டு வாங்கும் வெள்ளை நிற சிர்கோனியா கேப்புக்கு மூலம். என் வாயில் இருப்பது எந்த நாட்டு மணலோ, எனக்குத் தெரிய வழியில்லை. ஆனாலும் திருகுக்கும் கேப்புக்கும் வேண்டிய தாதுக்கள் ஒரே கரையில் கிடக்கின்றன என்ற எண்ணம் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வருகிறது.

குழி ஆறிய பிறகு சி.பி.சி.டி. என்ற முப்பரிமாண ஸ்கேன் எடுத்தார்கள். சாதாரணப் பல் எக்ஸ்ரே எலும்பின் உயரத்தைக் காட்டும், அகலத்தைக் காட்டாது. கீழ்த்தாடையின் உள்ளே ஒரு கால்வாய் வழியாக நரம்பு ஒன்று ஓடி, கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சியைக் கொண்டுபோகிறது. திருகின் நுனிக்கும் அந்தக் கால்வாய்க்கும் இடையே குறைந்தது 2 மி.மீ. இடைவெளி வேண்டும் என்பது பொதுவான கணக்கு. அது பிசகினால் உதடு மரத்துப்போய், சிலருக்கு மரத்தபடியே நின்றுவிடும். மேல்தாடைக் கடைவாயில் இந்த நரம்புக்குப் பதிலாக சைனஸ் என்ற காற்றறை குறுக்கே வரும். அதன் தளத்தை உயர்த்தி எலும்புத்தூள் வைக்க வேண்டியிருக்கலாம். ஸ்கேன் படத்தைத் திரையில் போட்டு இந்த அளவுகளை நமக்குக் காட்டும்படி கேட்பது நம் உரிமை.

அதன் பிறகு வந்த கேள்விகள் பல்லைப் பற்றியவையாகவே இல்லை. கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை எவ்வளவு, புகைப்பழக்கம் உண்டா, புகையிலையோடு வெற்றிலை போடுவது உண்டா, எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்வது உண்டா, தலை கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை நடந்திருக்கிறதா என்று கேட்டார்கள். எலும்புத் தேய்மானத்துக்குக் கொடுக்கும் சில மருந்துகள் எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வேலையையே மந்தமாக்குகின்றன. அவற்றை, குறிப்பாகப் புற்றுநோய்க்காக அதிக அளவில் ஊசி வழியாக எடுத்தவர்களுக்குத் தாடையில் காயம் பட்டால் எலும்பு ஆறாமல் அழுகும் ஆபத்து உண்டு. வீட்டில் உள்ள பெரியவர்கள் பலர் ‘கால்சியம் மாத்திரை’ என்ற ஒரே பெயரில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவார்கள். ஆகவே மருந்துச் சீட்டை அப்படியே கையில் கொண்டுபோவது நல்லது. சர்க்கரை நோய் இருப்பதாலேயே இம்ப்ளான்ட் கூடாது என்பதில்லை, கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரைதான் தடை. வளரும் பருவத்துப் பிள்ளைகளுக்கு மட்டும், விபத்தில் முன்பல் போயிருந்தாலும், தாடை வளர்ந்து முடியும்வரை காத்திருக்கச் சொல்வார்கள். தாடை வளர்ந்தாலும் திருகு வைத்த இடத்திலேயே நிற்கும் என்பதால், காலப்போக்கில் அந்தப் பல் மட்டும் உள்ளடங்கிப்போகும்.

அறுவை நடந்த நாளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மரத்துப்போகும் ஊசிக்குப் பிறகு வலி இல்லை, அதிர்வு மட்டுமே தெரிந்தது. பல்லை எடுத்த நாளே இதைவிடக் கடினமாக இருந்தது. கவனிக்கத் தக்கது ஒன்று உண்டு. துளையிடும்போது குளிர்ந்த உப்புநீரை இடைவிடாமல் பாய்ச்சினார்கள், துளைப்பானையும் பல்லை ராவும் கருவியின் வேகத்தோடு ஒப்பிட முடியாத அளவுக்கு மெதுவாகவே சுழலவிட்டார்கள். எலும்பு 47 டிகிரி செல்சியசுக்கு மேல் ஒரு நிமிடம் சூடானாலே பாதிக்கப்படும் என்று 1980களில் சுவீடன் ஆய்வாளர்கள் காட்டியதிலிருந்து இது எழுதப்படாத சட்டமாகிவிட்டது. சூடுபட்டுச் செத்த எலும்பு எந்தத் திருகையும் பிடிக்காது. ஒரே அளவுத் துளைப்பானால் முடித்துவிடாமல் மெல்லியதில் தொடங்கிப் படிப்படியாக அகலப்படுத்திக்கொண்டே போனதும் இதற்காகத்தான். திருகை இறுக்கும்போது எவ்வளவு விசையில் இறுகுகிறது என்பதை ஒரு கருவி அளந்து காட்டியது. பிறகு இரண்டு தையல், ஐஸ் ஒத்தடம், சில நாட்கள் இளஞ்சூட்டுக் கஞ்சி, அவ்வளவே.

உண்மையான சிகிச்சை அதன் பிறகுதான் தொடங்குகிறது, அதில் நோயாளி செய்ய வேண்டியது ஏறத்தாழ ஒன்றுமில்லை. திருகை இறுக்கிய அன்று அது அசையாமல் நிற்பது மரைகளின் பிடியால். அந்தப் பிடியிலிருக்கும் பழைய எலும்பை உடல் அடுத்த வாரங்களில் கரைத்துவிட்டு, புது எலும்பைக் கட்டத் தொடங்குகிறது. எனவே மூன்று நான்கு வாரங்கள் ஆகும்போது திருகின் உறுதி முதல் நாளைவிடக் குறைந்திருக்கும். வலி எல்லாம் போய், நாமும் அதை மறந்துவிட்ட அந்த நேரம்தான் அது மிக எளிதில் அசையக்கூடிய நேரம். அசைவு ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரானைத் தாண்டினால், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்று அதிகமான அளவைத் தாண்டினால், எலும்புக்குப் பதிலாக நார்த்திசு வளர்ந்துவிடும். பிறகு அந்தத் திருகைக் கழற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. பிரோனெமார்க்கின் பழைய முறையில் கீழ்த்தாடைக்கு மூன்று மாதமும், எலும்பு மிருதுவாக இருக்கும் மேல்தாடைக்கு ஆறு மாதமும் ஈறுக்குள் மூடியே வைப்பார்கள். இன்று திருகின் மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கித் தயாரிப்பதால் அந்தக் காலம் பலருக்குக் குறைந்திருக்கிறது. ஆனால் முற்றாக இல்லாமல் போய்விடவில்லை.

‘ஒரே நாளில் பல்’ என்ற விளம்பரப் பலகைகளை இப்போது எங்கள் ஊரிலும் பார்க்கிறேன். அது முழுப் பொய்யும் இல்லை. போர்ச்சுகலைச் சேர்ந்த பவுலோ மாலோ 1990களின் பிற்பகுதியில் நிலைநிறுத்திய முறையில், பல்லே இல்லாத தாடையில் நான்கு திருகுகளை, பின்னிரண்டைச் சாய்வாக, வைத்து, அன்றோ மறுநாளோ பல்வரிசையையும் பொருத்திவிடுகிறார்கள். அங்கே நான்கு திருகுகளும் ஒரே சட்டத்தால் பிணைக்கப்பட்டிருப்பதால் எந்த ஒன்றும் தனியாக அசைய முடியாது. பொருத்துவதும் தற்காலிகப் பல்வரிசை, மென்மையான உணவு என்ற நிபந்தனையோடு. பலகையில் இந்த நிபந்தனைகளை எழுதுவதில்லை. கடைவாயில் தனியாக நிற்கும் ஒற்றைத் திருகின்மேல் முதல் நாளே கேப்பைப் போட்டு, இனி நேந்திரங்காய் வற்றலையும் மெல்லலாம் என்று ஒருவர் சொன்னால், அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம்.

காத்திருப்புக்குப் பின் ஈற்றைச் சிறிது திறந்து, அது வடிவமாக ஆறுவதற்கு ஒரு மூடியைப் போட்டு, சில வாரம் கழித்துக் கேப்புக்கு அளவெடுத்தார்கள். கேப்பைத் திருகியும் பொருத்தலாம், சிமென்ட் வைத்து ஒட்டவும் செய்யலாம். நான் திருகும் வகையைக் கேட்டு வாங்கினேன். ஒட்டும்போது பிதுங்கும் சிமென்ட் ஈறுக்கடியில் சிறிது தங்கிவிட்டால், சுற்றியுள்ள எலும்பு பின்னாளில் அரிக்கப்பட அது காரணமாகிவிடும். தவிரவும், திருகிய கேப்பில் ஏதேனும் உடைந்தால் மேலேயுள்ள அடைப்பை எடுத்துவிட்டுக் கழற்றிச் சரிசெய்யலாம். கேப்பைப் பொருத்திய பின் வண்ணத் தாளைக் கடிக்கச் சொல்லி, மற்ற பற்களில் படும் அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைவாகவே இதில் படும்படி ராவிவிட்டார்கள். இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய நார்ப்படலம் ஒன்று உண்டு. கடிக்கும்போது பல் அதில் நூலளவு அமுங்கும். இம்ப்ளான்டுக்கு அந்தப் படலமே கிடையாது. அமுங்காத அது, பக்கத்துப் பற்கள் அமுங்கியபின் எல்லாப் பாரத்தையும் தான் ஒன்றே ஏற்றுவிடும். சோற்றில் சிறு கல் இருந்தால் மற்றப் பற்கள் உடனே சொல்லிவிடுகின்றன. இந்தப் பல் அதை மழுங்கலாகத்தான் உணர்கிறது. பல மாதங்கள் ஆகியும் அந்த வேறுபாடு எனக்குத் தெரிகிறது.

அம்மாவின் கதை வேறு. எழுபதைத் தாண்டியவர், கீழ்த்தாடையில் ஒரு பல்லும் இல்லை. முழுப் பல்செட் வைத்திருந்தும், மேல் செட் அண்ணத்தில் ஒட்டி நின்றதே தவிர, கீழ் செட் நாக்கின் அசைவுக்கெல்லாம் மிதந்துகொண்டிருந்தது. பல்லில்லாத கீழ்த்தாடையின் மேடு மேல்தாடையினதைவிட நான்கு மடங்கு அதிகமாகத் தேய்கிறது என்று நீண்ட காலம் தொடர்ந்த ஓர் ஆய்வு 1972இலேயே காட்டியிருக்கிறது. எனவே புதிது புதிதாகச் செட் செய்துகொடுத்தாலும் அது உட்காருவதற்கான மேடு இருக்காது. கிறிஸ்துமசுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து வந்த முந்திரிக்கொத்துப் பலகாரத்தை அம்மா கையில் எடுத்துப் பார்த்துவிட்டுப் பேரனிடம் கொடுத்துவிடுவார். அவர் செட்டை வாயில் வைத்துக்கொண்டது பெரும்பாலும் விருந்தினர்கள் வரும்போதுதான். “சாப்பிடும்போ கழத்தி வைக்கதுக்கு எதுக்கு மக்கா பல்லு?” என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

அவருக்கு நிலையான பல்வரிசை கட்டத் தேவையான திருகுகளின் எண்ணிக்கையும் செலவும் எங்களை மலைக்க வைத்தன. அப்போது மருத்துவர் சொன்ன யோசனைதான், கீழ்த்தாடையின் முன்பகுதியில் இரண்டு இம்ப்ளான்ட்கள் மட்டும் வைத்து, பல்செட்டின் அடிப்பக்கத்தை அவற்றின் மேல், சட்டையின் அழுத்துப் பொத்தான் மாட்டுவதுபோல, மாட்டிக்கொள்வது. முன்பகுதி எலும்பு மற்ற இடங்களைப்போலக் கரைந்துவிடுவதில்லை. உதட்டுக்குப் போகும் நரம்பும் அந்தப் பகுதிக்கு வருமுன்பே கால்வாயிலிருந்து வெளியேறிவிடுவதால் ஆபத்தும் குறைவு. 2002இல் கனடாவின் மக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள், பல்லில்லாத கீழ்த்தாடைக்குச் சாதாரணப் பல்செட் இனி முதல் தெரிவாக இருக்கக் கூடாது, இரண்டு இம்ப்ளான்ட் தாங்கும் பல்செட்டே முதல் தெரிவாக இருக்க வேண்டும் என்று ஒருமித்து அறிவித்திருக்கிறார்கள். இத்தனை ஆண்டுகள் ஆகியும் நம் ஊரில் பல்செட் கேட்டுப் போகும் முதியவர்களிடம் இந்த வழி பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை என்பது எனக்கு வருத்தமளிக்கிறது. ஒன்று சாதாரணச் செட், இல்லையேல் லட்சங்களில் முழு வாய் இம்ப்ளான்ட் என்றே பேச்சு போகிறது. நடுவில் இப்படி ஒன்று இருப்பது தெரியாமலே பலர் கஞ்சியோடு காலம் தள்ளுகிறார்கள். அம்மா இரவில் செட்டைக் கழற்றித்தான் வைக்கிறார், ஆனால் சாப்பிடும்போது கழற்றுவதில்லை.

செலவைப் பற்றி. நான் விசாரித்த இடங்களில் கேப்போடு சேர்த்து ஒரு பல்லுக்கு முப்பதாயிரத்திலிருந்து அறுபதாயிரம் வரை சொன்னார்கள். எலும்புத்தூள், சைனஸ் உயர்த்தல், ஸ்கேன் ஆகியவை சேர்ந்ததா தனியா என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். விபத்தில் நேர்ந்த இழப்பு தவிர, வழக்கமான மருத்துவக் காப்பீடு பல் சிகிச்சையைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. பல் மருத்துவக் கல்லூரிகளில், பேராசிரியர்களின் மேற்பார்வையில் முதுநிலை மாணவர்கள் செய்யும்போது கட்டணம் கணிசமாகக் குறைகிறது. நாள் அதிகம் பிடிக்கும், ஆனால் அவசரமே கூடாத சிகிச்சையில் அது ஒரு குறையாக எனக்குத் தோன்றவில்லை. கம்பெனியைப் பொறுத்தவரை, ஸ்ட்ராமன், நோபல் பயோகேர் போன்ற ஐரோப்பிய நிறுவனங்களுடையதும், ஆஸ்டெம் போன்ற கொரிய நிறுவனங்களுடையதும், இசுரேலிய, இந்தியத் தயாரிப்புகளும் கிடைக்கின்றன. பதினைந்து ஆண்டுகள் கழித்து உள்திருகு தளர்ந்தால் அதே அளவில் மாற்றுப்பாகம் கிடைக்குமா என்பதுதான் இங்கே கேட்க வேண்டியது. ஒவ்வொரு நிறுவனத்தின் பொருத்தும் அமைப்பும் வேறு. ஒன்றின் பாகம் இன்னொன்றில் உட்காராது. திருகு வந்த பெட்டியில் நிறுவனப் பெயர், அளவு, தொகுதி எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு இருக்கும். அதை நம் கோப்பில் ஒட்டி வாங்கிக்கொள்ள வேண்டும். ஊர் மாறினாலும் மருத்துவர் மாறினாலும் அடுத்தவருக்கு அதைவிட உதவுவது வேறில்லை. ‘வாழ்நாள் உத்தரவாதம்’ என்று எழுதித் தருபவர்களிடம், அது திருகுக்கு மட்டுமா, கேப்புக்கும் சேர்த்தா, மறுபடி வைக்கும் கூலிக்கும் சேர்த்தா என்று கேட்டுப் பாருங்கள்.

பத்தாண்டு முடிவில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்ட இம்ப்ளான்ட்கள் வாயில் நிலைத்திருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. நிலைத்திருப்பது என்றால் நலமாக இருப்பது என்று பொருளல்ல. இம்ப்ளான்டுக்குச் சொத்தை வராது, ஆனால் அதைச் சுற்றியுள்ள எலும்புக்கு நோய் வரும். இயற்கைப் பல்லில் ஈறின் நார்கள் வேருக்குள் குறுக்காக ஊன்றி ஒரு தடுப்பாக நிற்கின்றன. இம்ப்ளான்டைச் சுற்றி அவை இணையாகவே ஓடுகின்றன, ஊன்றுவதில்லை. எனவே கிருமிப்படலம் தங்கினால் அது எளிதில் கீழே இறங்கி எலும்பைத் தொட்டுவிடும். வலியும் பெரும்பாலும் இருக்காது. துலக்கும்போது இரத்தம், லேசான வீக்கம், ஒரு கெட்ட வாடை, இவ்வளவே அறிகுறிகள். ஈறு நோயால் பற்களை இழந்தவர்கள் அந்த நோயைச் சரிசெய்யாமல் இம்ப்ளான்ட் வைத்துக்கொண்டால், பல்லை விழுங்கிய அதே நோய் திருகையும் விழுங்கும். பீடி, சிகரெட், புகையிலை போட்ட வெற்றிலை ஆகியவற்றை விடாதவர்களுக்கும் இந்த ஆபத்து கூடுதல்.

கேப்புக்கும் பக்கத்துப் பல்லுக்கும் இடையே எனக்குக் கீரையும் தேங்காய்ப்பூவும் மாட்டுகின்றன. இம்ப்ளான்டின் கழுத்து இயற்கைக் கடைவாய்ப் பல்லின் கழுத்தைவிடக் குறுகலாக இருப்பதால் அடியில் இடைவெளி விடுவது தவிர்க்க முடியாதது என்றார் மருத்துவர். பல்லிடுக்கில் நுழையும் சிறு பிரஷ்ஷை இரவுதோறும் பயன்படுத்துகிறேன். கம்பிமேல் பிளாஸ்டிக் பூச்சு உள்ளதா என்று பார்த்து வாங்குகிறேன், வெறும் கம்பி டைட்டானியத்தைக் கீறிவிடும். பல்குச்சியை அந்தப் பக்கம் கொண்டுபோவதில்லை. கேப் போட்ட அன்று எடுத்த எக்ஸ்ரேயைக் கோப்பில் வைத்திருக்கிறேன். ஆண்டுதோறும் எடுக்கும் புதிய படத்தை அதன் பக்கத்தில் வைத்து, எலும்பின் விளிம்பு எத்தனையாவது மரைக்கு இறங்கியிருக்கிறது என்று மருத்துவர் எண்ணிப் பார்க்கிறார். முதல் ஆண்டில் சிறிது இறங்குவது இயல்பு, அதன் பிறகு ஆண்டுக்கு 0.2 மி.மீ.க்கு மேல் போகக் கூடாது என்பது 1986 முதல் பலரும் வைத்துக்கொண்டிருக்கும் அளவுகோல். அம்மாவின் செட்டில் பொத்தானைக் கவ்வும் நைலான் வளையங்கள் தேயத் தொடங்கிவிட்டன, மாட்டும்போது வரும் ‘டக்’ என்ற ஒலி குறைந்துவிட்டது என்கிறார். அந்த வளையங்கள் தேய்ந்தால் மாற்றிக்கொள்வதற்கென்றே செய்யப்பட்டவை. அடுத்த வாரம் என் எக்ஸ்ரே படத்துக்குப் போகும்போது அவரையும் அழைத்துப்போக வேண்டும்.